நான் வர்ற வரைக்கும்

ஒஹாயோ
பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சி லவினாவுக்கு,

கர்த்தரோட கிருபையால நானும் உன் மாமாவும் சுகமா இருக்கோம். அவருக்கு இடுப்பு மட்டும் அப்பப்ப பிடிச்சுக்குது. நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்து குதிரைச் சேணம் தைச்சா வேற என்ன ஆகும்? அங்க நீ, உன் வீட்டுக்காரர் மோஸ் தம்பி, அப்புறம் அந்தப் புது ஆள், எல்லாரும் எப்படி இருக்கீங்க?

பொண்ணு பொறந்த சேதியை மோஸ் தம்பி சபைக்குப் பொதுவான வயலோரத்துப் போன் கொட்டகையில இருந்து மாமா கடைக்குச் சொன்னாரே, அதோட சரி. "பொண்ணு. டெனான்னு பேரு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவ்வளவுதான். மாடு கன்னு போட்டாக்கூட இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவாரு மனுஷன். முடி என்ன நிறம்? மூக்கு யார் மூக்கு? நம்ம அப்பா மூக்கா இருந்தா சொல்லிடு, இப்பவே ஜெபம் பண்ண ஆரம்பிச்சுடறேன்.

நம்ம அக்கா தங்கச்சி அஞ்சு பேரு கடிதமும் ஒரே உறைக்குள்ள வீடு வீடாச் சுத்தி வருதே, அந்தச் சுத்துக் கடிதத்துல நீ எழுதறதை வெர்னா அக்கா மட்டுமா படிக்கறா, அவ மாமியாரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்கறாங்க. அதனால இது தனி. எனக்கு மட்டும் எழுது, மனசுவிட்டு எழுது.

ஒரு மூட்டை நூடுல்ஸும் குழந்தைக்குச் சட்டையும் அனுப்பியிருக்கேன். பன்னிரண்டு வருஷமா இந்த வீட்டுல அந்த அளவுக்குத் துணி வெட்ட வேலையே இல்ல, உனக்குத் தெரியும். தையல் கோணலா இருந்தா சிரிக்காதே.

உங்க மூணு பேரையும் பார்க்க ஏங்கற,
அக்கா சலோமா


விஸ்கான்சின்
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உங்களைக் காக்கட்டும். இங்க எல்லாரும் சுகம். மாமா இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

சட்டை வந்தது. நூடுல்ஸும் வந்தது. நன்றி. பனி இன்னும் விடல. மோஸ் மேப்பிள் மரத்துல பால் இறக்கறதுக்கு வாளியெல்லாம் கழுவி வச்சிருக்காரு. குழந்தை எடை ஏறியிருக்குன்னு மருத்துவச்சி சொன்னாங்க. வேற விசேஷம் இல்ல.

அடுப்புல பால் இருக்கு. முடிச்சுக்கறேன்.

லவினா


ஒஹாயோ
ஏப்ரல் 2

அன்பு லவினா,

இங்க சுகம். நீ சுகமான்னு இந்தத் தடவை நான் சும்மா கேட்கல, பதில் வேணும்னு கேட்கறேன்.

ஏண்டி, முடி என்ன நிறம்னு கேட்டேன், மேப்பிள் வாளியைப் பத்தி எழுதறே! சுத்துக் கடிதம் நேத்து வந்துச்சு. அவங்கவங்க பழைய கடிதத்தை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும், அதுதானே முறை? நீ பழசையே அப்படியே வச்சு அனுப்பிட்டே. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது, தொட்டில் துணிக்கு என்ன நிறம் போடலாம்னு அதுல கேட்டிருக்கே. வெர்னா அக்கா ஓரத்துல "பிள்ளைக்காரிக்குத் தூக்கக் கலக்கம்"னு சிரிச்சு எழுதியிருக்கா. எனக்குச் சிரிப்பு வரல.

மோஸ் தம்பி போன் பண்ணினாரு. உனக்குச் சாப்பாடே எறங்கலையாம். குழந்தை அழ ஆரம்பிச்சா நீ எழுந்து தொழுவத்துக்குப் போயிடறியாம், அவர்தான் ஓடி வந்து தூக்கறாராம். "வீட்டுல இருக்கா, ஆனா வீட்டுல இல்ல"ன்னாரு. அந்த மனுஷன் வாயில இருந்து இவ்வளவு நீளமா ஒரு பேச்சு வந்ததே இல்லையேன்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

அழறியா? யார்கிட்டயாவது சொன்னியா? நான் திட்டமாட்டேன். சின்ன வயசுல பால் குடத்தை உடைச்சுட்டு எங்கிட்டதானே முதல்ல ஓடி வருவே.

அக்கா


விஸ்கான்சின்
ஏப்ரல் 27

அக்கா,

எல்லாரும் சுகமான்னு கேட்டு ஆரம்பிக்கறதுதான் வழக்கம். கேட்டுட்டேன்னு வச்சுக்கோ.

அழலாம்னா அழுகையும் வரல. குழந்தை அழுதா, பக்கத்துப் பண்ணையில கன்னுக்குட்டி கத்தற மாதிரி இருக்கு. யாராவது போய்ப் பார்த்தா தேவலைன்னு தோணுது. அந்த யாரோ நான்தான்னு தோணமாட்டேங்குது. முடி கறுப்பு. நீ கேட்டப்புறம் போய்ப் பார்த்துட்டு வந்து எழுதறேன்.

ஆராதனை நடக்கற ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க எல்லாரும் டெனாவை ஒரு மடியில இருந்து இன்னொரு மடிக்கு மாத்தி மாத்தி வாங்கிக்கறாங்க. என்கிட்ட வந்து சேர்ந்ததும் என் கை விறைச்சுப் போகுது. பிஷப் வீட்டம்மா, "கர்த்தர் குடுத்த நன்மையை எல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிப் பாரு, சரியாயிடும்"னாங்க. எண்ணினேன். எண்ணி முடிச்சதும் இன்னும் கேவலமா இருந்துச்சு. இவ்வளவும் இருந்தும் இப்படி இருக்கேனே, நானெல்லாம் ஒரு அம்மாவா? மருத்துவச்சி இது ஒரு நோய், டாக்டரைப் பாருன்னாங்க. நான் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஓடைப் பாலம் வழியா இப்பல்லாம் நான் போறதில்ல. டெனாவைத் தூக்கிட்டுப் போறப்ப சுத்துவழியாத்தான் போறேன். ஏன்னு கேட்காதே.

அக்கா, நீ இவளை எடுத்துக்கோ. விளையாட்டுக்குச் சொல்லல. பன்னிரண்டு வருஷம் நீதானே கேட்டே. கர்த்தர் வீடு மாத்திக் குடுத்துட்டாரு. இவளுக்கு ஒரு நல்ல அம்மா கிடைக்கட்டும். எனக்கும் நிம்மதி.

லவினா


ஒஹாயோ
மே 30

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்னிக்கே மாமா மோஸ் தம்பிக்குப் போன் போட்டு, உன்னை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவரோட அத்தை வந்து உங்களோட தங்கியிருக்காங்கன்னு கேட்டப்புறம்தான் எனக்குச் சாப்பாடு எறங்கிச்சு. அந்தப் பாலத்துப் பக்கம் நீ போகவே வேண்டாம். சுத்துவழியே நல்ல வழி. சுத்திச் சுத்தியாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தியே, அதுக்கே உனக்குக் கும்பிடு போடணும்.

கடிதம் எழுத இவ்வளவு நாளாயிடுச்சு, மன்னிச்சுக்கோ. எழுத உட்கார்ந்தா கை ஓடல.

இங்க மழை நல்லா இருக்கு. பட்டாணி காய்ச்சிருக்கு. பரண்ல கிடந்த தொட்டிலை மாமா கீழே இறக்கி எண்ணெய் பூசி வச்சிருக்காரு. சும்மாதான், பூச்சி அரிக்குமேன்னு.

உனக்காக ஒண்ணு பண்ணியிருக்கேன். நம்ம வாரப் பத்திரிகையில எழுதிப் போட்டிருக்கேன்: "புதுசா பிள்ளை பெத்த என் தங்கச்சி மனசு சரியில்லாம இருக்கா, எல்லாரும் அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பி அட்டை மழை பொழியுங்க"ன்னு. கீழ உன் விலாசமும் இருக்கு. கால் முறிஞ்சவங்களுக்கும் கூரை எரிஞ்சவங்களுக்கும் பொழியறாங்க, உனக்குப் பொழிய மாட்டாங்களா? நீ தனி ஆள் இல்லைன்னு உனக்குத் தெரியணும்.

அக்கா சலோமா


விஸ்கான்சின்
ஜூன் 24

சலோமா அக்காவுக்கு,

உனக்குப் புத்தி இருக்கா?

யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு நம்பி உனக்கு எழுதினா, நீ ஊர் உலகம் முழுக்கத் தமுக்கடிச்சுட்டே! தபால்காரர் பெட்டியில கொள்ளலைன்னு வீட்டுப் படியில கொட்டிட்டுப் போறாரு. மோஸ் தீவனச் சாக்குல அள்ளிட்டு வர்றாரு. கனடாவுல இருந்து ஒருத்தி தினமும் பீட்ரூட் சாறு குடின்னு எழுதியிருக்கா. ஒரு கிழவர் தான் காய்ச்சற தைலத்துக்கு விளம்பரமே அனுப்பியிருக்காரு, மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒண்ணுதானாம். பென்சில்வேனியாவுல ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து வாத்துப் படம் வரைஞ்சிருக்கு. எத்தனை வாத்துக்குத்தான் நான் நன்றி சொல்லி எழுதறது?

அன்னிக்குப் பூரா கத்தினேன். மேசையில இருந்த அட்டையெல்லாம் தூக்கி எறிஞ்சேன். மோஸ் ஒரு மூலையில நின்னுக்கிட்டு என்னையே பார்த்தாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? "நீ கோவப்பட்டு எத்தனை நாளாச்சு"ன்னாரு. சொல்லிட்டு அழுதுட்டாரு.

எறிஞ்சதைப் பொறுக்கறப்பதான் படிச்சேன். கெண்டக்கியில ஒருத்தி. "மூணாவது குழந்தைக்கப்புறம் நான் கோழிக் கூண்டுக்குள்ள போய் உட்கார்ந்துப்பேன். மாத்திரை சாப்பிட்டேன். வெட்கப்பட்டுக்கிட்டேதான் சாப்பிட்டேன், ஆனாலும் வேலை செஞ்சுது. நீயும் போ"ன்னு எழுதியிருக்கா. இன்னொருத்தி நியூயார்க்ல இருந்து. கர்ப்பமா இருக்கறப்பவே ஆரம்பிச்சுதாம் அவளுக்கு. அப்புறம் ஒரு அட்டை, பேர் போடல. ஆனா அந்தக் கையெழுத்தை ஞாயித்துக்கிழமை ஆராதனைச் சாப்பாட்டுக்கு எழுதற எல்லாச் சமையல் சீட்டுலயும் பார்த்திருக்கேனே. ரெண்டு பண்ணை தள்ளி இருக்கற பிஷப் வீட்டம்மா! ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல அனுப்பியிருக்காங்க. "எண்ணிப் பாருன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ. எனக்கும் எண்ணிப் பார்த்து ஒண்ணும் ஆகல. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், நீ டாக்டர்கிட்டப் போனா அவர் தடை சொல்லமாட்டாரு"ன்னு.

பிஷப் வந்தாரு. அரை மணி நேரம் வைக்கோல் பத்தியே பேசினாரு. வாசல்ல தொப்பியைப் போட்டுக்கிட்டு, "போயிட்டு வா பொண்ணே"ன்னாரு.

அதனால போறேன். இந்தியானாவுல, ஆஸ்பத்திரியை ஒட்டி, இந்த மாதிரி நோய்க்காரங்க தங்கிக் குணமாக நம்ம ஆளுங்களே ஒரு வீடு நடத்தறாங்க. டாக்டர் வெளியாளு, சமையல் நம்ம சமையல். டெனாவை மோஸ் உன்கிட்ட கொண்டு வந்து விடுவாரு. நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கோ.

ஏப்ரல்ல வேற மாதிரி எழுதினேன். எது நிஜம்னு இன்னிக்கு எனக்கே தெரியல.

உன் மேல இன்னும் கோவம்தான்.
லவினா


ஒஹாயோ
ஜூலை 20

அன்பு லவினா,

எல்லாரும் சுகம், சுகம், சுகம்! நீயும் அங்க நல்லாத் தூங்கறியா, சாப்பிடறியா?

வந்துட்டா மகாராணி. வேன்ல இருந்து இறங்கினதுமே என் குல்லாயோட கயித்தைப் பிடிச்சு இழுத்து, என் தலைமுடியை ஊருக்கே காட்டிட்டா. மூக்கு அப்பா மூக்கேதான். ஆனா இவளுக்கு அது அழகா இருக்கு, அநியாயம்! கீழ ஒரு பல்லு வந்திருக்கு. மாமா விரலைக் குடுத்துக் கடி வாங்கிட்டு, கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் அந்த விரலைக் காட்டறாரு. பாட்டுப் பாடத் தெரியாத மனுஷன், ஞானப்பாட்டை எல்லாம் குதிரை ஓட்டற மெட்டுல பாடறாரு. அவ சிரிக்கறா பாரு, வீடே குலுங்குது. காலையில கண்ணு முழிச்சதும் தொட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைத்தான் தேடறா. அப்படியே கையைத் தூக்கறா.

ஒரு பக்கம் முழுக்க எழுதிட்டேன் போல. நீ சீக்கிரம் நல்லாகி வரணும்னு எழுத நினைச்சுதான் பேனாவை எடுத்தேன். எழுதிட்டேன்.

அக்கா


இந்தியானா
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முந்தாநாள் ராத்திரி விடிய விடியத் தூங்கினேன். இதைவிடப் பெரிய சேதி இப்ப என்கிட்ட இல்ல.

வந்த அன்னிக்கு நம்ம உடுப்பைச் சேர்த்துக் குத்தற குண்டூசியை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, நம்ம சபைக்கு ஆகாத பித்தான் வச்ச உடுப்பைக் குடுத்தாங்க. பித்தான்! அம்மா உயிரோட இருந்திருந்தா என்னைச் சபையைவிட்டே தள்ளியிருப்பாங்க. போன வாரம் ஊசியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். குடுத்த பொண்ணு என் கையை ஒரு தடவை அழுத்திட்டுப் போனா.

டாக்டரம்மா விரல் நகத்துக்கெல்லாம் சிவப்புச் சாயம். தினமும் வந்து, "அந்த நினைப்பு வந்துச்சா?"ன்னு கேட்கறாங்க, மழை வந்துச்சான்னு கேட்கற மாதிரி. முதல்ல பொய் சொன்னேன். இப்பச் சொல்லிடறேன். சொன்னா ஒண்ணும் இடிஞ்சு விழல அக்கா. மாத்திரை வாயை உலர்த்துது, ஆனா தலைக்குள்ள இருந்த மூட்டம் கொஞ்சம் கொஞ்சமா விலகுது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேனோ. பல்லு வந்த வரியிலேயே நின்னுடறேன். அவ முகத்தை ஞாபகப்படுத்திப் பார்க்கறேன், சரியா வரமாட்டேங்குது. நான் சரியாவே பார்க்கலையே அக்கா, எங்க இருந்து வரும்?

ரெண்டு விஷயம் கேட்கறேன். அவ போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு அனுப்பு. துவைக்காம அனுப்பு. அப்புறம், குழந்தையோட தங்க இங்க ஒரு அறை இருக்கு. குழந்தையைக் கூட வச்சுக்கிட்டே குணமாகறது நல்லதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நீ அவளைக் கூட்டிட்டு வர்றியா?

ஏங்கிக்கிட்டு இருக்கற,
லவினா


ஒஹாயோ
செப்டம்பர் 6

அன்பு லவினா,

இங்க எல்லாரும் சுகம். நீ தேறி வர்றது கேட்டு ரொம்ப சந்தோஷம்.

தக்காளியும் பீச்சும் ஒரே நேரத்துல வந்து நிக்குது. நாள் பூரா பாட்டில்ல அடைக்கறதுதான் வேலை. மாமாவுக்கு வேற இடுப்பு. டெனாவுக்கு ரெண்டு நாளா லேசாச் சளி, இவ்வளவு தூரம் வேன்ல கூட்டிட்டு வந்தா குழந்தை தாங்குமா? அறுவடை முடியட்டும். நீயும் இன்னும் கொஞ்சம் தெம்பாகிக்கோ, அவசரம் என்ன. இப்பல்லாம் அவ முழங்கால் போட்டு ஓடறா, உன்னால துரத்த முடியாது.

சட்டை அனுப்பியிருக்கேன். அழுக்கா அனுப்ப மனசு வரல. அங்க இருக்கறவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க. துவைச்சு, இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்.

சலோமா


இந்தியானா
செப்டம்பர் 14

அக்கா,

சட்டை வந்தது. உன் சோப்பு வாசனை அடிக்குது.

நான் கோவமா இல்ல. என் கோவம் எப்படி இருக்கும்னு ஜூன்லயே பார்த்துட்டே. எனக்குப் பயம்தான். என் கைப்பட எழுதின கடிதம் உன்கிட்ட இருக்கு, "எடுத்துக்கோ"ன்னு. நோயாளிதான், ஆனா எழுதினது நான்தான். நீ அதை நம்பித் தொட்டிலை இறக்கினே. அதைப் பூச்சிக்காக இறக்கலைன்னு அப்பவே எனக்குத் தெரியும், படிச்சுட்டு நிம்மதியாக்கூட இருந்துச்சு. உன்கிட்ட இப்ப சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

நேத்து இங்க ஒருத்தி தன் குழந்தையோட வந்தா. அது அழுதுது. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். நெஞ்சு கனத்து விண்ணுன்னு வலிச்சுது. பால் வத்தி எத்தனை மாசமாச்சு! கையில மாவோட அந்த அறை வாசல் வரைக்கும் ஓடிட்டேன். ஓடினப்புறம்தான் அது டெனா இல்லைன்னு தெரிஞ்சுது. அங்கயே உட்கார்ந்து அழுதேன். கன்னுக்குட்டி கத்தற மாதிரி இல்ல அக்கா. என்னைக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு.

நான் முழுசா நல்லாகல. மாத்திரை இன்னும் ரொம்ப மாசத்துக்கு இருக்கு. ஒருவேளை திரும்பவும் கெட்டுப்போனாலும் போகலாம், அப்படி ஆனா என்ன செய்யணும்னு மோஸும் நானும் டாக்டரம்மாகூடப் பேசி வச்சிருக்கோம். இதெல்லாம் தெரிஞ்சும்தான் கேட்கறேன்.

என் பொண்ணைக் குடுத்துடு அக்கா.

லவினா


ஒஹாயோ
அக்டோபர் 3

என் லவினாவுக்கு,

நீ சுகமா இருக்கணும். நான் கேட்கறது அது ஒண்ணுதான்.

தக்காளி ஆகஸ்ட்லயே முடிஞ்சுது. மாமா இடுப்பு நல்லாத்தான் இருக்கு. டெனாவுக்குச் சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு சட்டை எடுத்து வச்சேன். ஒண்ணைத் துவைச்சு உனக்கு அனுப்பினேன். துவைக்காததை நான் வச்சுக்கிட்டேன். இப்படி ஒருத்தி உனக்கு அக்கா.

போன வாரம் டெனா என்னைப் பார்த்து "மம்மா"ன்னா. "இல்லடி கண்ணு, பெரியம்மா"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னொரு தடவை சொல்லுன்னு கேட்டேன். உன் கடிதத்தை வாங்கி வச்சுக்கிட்டுத்தான் கேட்டேன் லவினா.

மாமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம இந்தியானா போக வேனுக்குச் சொல்லிட்டு வந்து நின்னாரு. யாரைக் கேட்டுச் சொன்னீங்கன்னு கத்தினேன். டெனாவைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. பின்னாலயே போனேன். குதிரைச் சேணத்து மேல அவளை உட்கார வச்சுப் பிடிச்சுக்கிட்டு அவரும் அழுதுக்கிட்டுதான் இருந்தாரு. "அவ அம்மா எழுந்துட்டா, சலோமா"ன்னாரு.

புதன்கிழமை கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள இதெல்லாம் தெரிஞ்சுக்கோ. ஆப்பிள் கூழ் பிடிக்கும், கேரட்டைத் துப்புவா. தூக்கம் வந்தா காதைப் பிடிச்சுக்குவா, அப்ப முதுகைத் தட்டாதே, தடவிக் குடு. குளிக்க வைக்கறப்ப மூஞ்சில தண்ணி பட்டா பயப்படுவா. உனக்குப் பாட்டு வரலைன்னா பரவாயில்ல, அவளுக்கு மாமா பாட்டே பாட்டுதான், எதுவும் செல்லும்.

அவளுக்கு இப்பப் புது முகம்னா ஆகாது. உன்னைப் பார்த்ததும் அழுவா. வீறிடுவா. என் பக்கம் தாவுவா. உனக்கு உடனே, நான் கெட்ட அம்மா, என்னை இவளுக்குப் பிடிக்கலைன்னு தோணும். அதெல்லாம் இல்ல. இந்த வயசுல எல்லாக் குழந்தையும் அப்படித்தான், டாக்டரம்மாவையே கேளு. இறுக்கிப் பிடிச்சுக்கோ. விடாதே. கொஞ்ச நேரத்துல களைச்சுப்போய் உன் தோள்ல சாஞ்சுடுவா.

நான் அவளை உன் கையில குடுத்துட்டு வெளியில வேன்கிட்டப் போய் நின்னுக்குவேன். உள்ள இருந்து சத்தம் கேட்கும். அவ எவ்வளவு அழுதாலும் என்னைக் கூப்பிடாதே லவினா. கூப்பிட்டா நான் வந்துடுவேன்.

உன் அக்கா,
டெனாவோட பெரியம்மா
சலோமா